கிராபிக்ஸ் கார்டு: மின்சுற்றுப் பலகையும் மின்வழங்கலும் ஓவர்கிளாக்கிங் எல்லையும்

கிராபிக்ஸ் கார்டு என்பது கணினித் திரைக்குரிய படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் சில்லையும், அதற்கான நினைவகத்தையும், இவ்விரண்டும் இயங்குவதற்கு ஏற்ற அளவில் மின்சாரத்தை மாற்றித் தரும் உறுப்புகளையும் ஒரே மின்சுற்றுப் பலகையில் தாங்கிய துணைக்கருவியாகும். தயாரிப்பாளர் குறித்த வேகத்தை மீறி அந்தச் சில்லை ஓட்டுவது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. எவ்வளவு தூரம் மீறலாம் என்பது சில்லின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. மின்வழங்கியிலிருந்து சில்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் வரை மின்னோட்டம் கடந்து வரும் பாதையில் மிகவும் நலிந்த இடம் எதுவோ அதுவே எல்லையை வகுக்கிறது. அந்த நலிந்த இடம் சில்லிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து கட்டுப்பாட்டு நிரலுக்கும், அண்மையில் மின்கம்பியின் கனெக்டருக்கும் இடம்பெயர்ந்து வந்ததே இத்துறையின் வரலாறு.

செருகுவாயே போதுமாயிருந்த காலம்

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினிக்குரிய எம்டிஏ, சிஜிஏ கார்டுகள் தமக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் மதர்போர்டின் செருகுவாயிலிருந்தே பெற்றன. 1996இல் வெளிவந்து முப்பரிமாண விளையாட்டுகளைப் பரவலாக்கிய 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராபிக்ஸ் 50 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 1999இல் என்விடியா வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256இன் வேகம் 120 மெகாஹெர்ட்ஸ். இவற்றுக்கும் தனி மின்கம்பி தேவைப்படவில்லை. இன்டெல் உருவாக்கிய ஏஜிபி செருகுவாய் சாதாரணக் கார்டுகளுக்குப் போதுமானதாக இருந்ததோடு, தொழில்முறைக் கார்டுகளுக்கென 50 வாட், 110 வாட் என இரு அளவுகளில் மின்சாரம் தரும் ஏஜிபி ப்ரோ என்ற நீட்டிப்பும் பின்னர் வகுக்கப்பட்டது. இக்காலத்தில் ஓவர்கிளாக்கிங்கின் தடை பெரும்பாலும் சில்லிலேயே இருந்தது. வேகத்தைக் கூட்டும் நிரல்களைக் கொண்டு பயனர் மேலே செல்ல முயன்றால், மின்சாரம் பற்றாமல் போவதற்கு முன்பே சில்லு கணக்குப் பிழைத்துத் திரையில் சிதறல்களைக் காட்டியது.

தனி மின்கம்பியின் வருகை

2000இல் வெளிவந்த வூடூ5 5500 இரண்டு சில்லுகளைக் கொண்டிருந்ததால், வன்தட்டுக்குரிய நான்கு பின் கனெக்டர் அதன் பலகையில் பொருத்தப்பட்டது. நான்கு சில்லுகளுடன் திட்டமிடப்பட்ட வூடூ5 6000க்குச் சுவரிலிருந்து நேரே மின்சாரம் பெறும் தனி அடாப்டரே வகுக்கப்பட்டது. ஆயினும் அக்கார்டு விற்பனைக்கு வரும் முன்பே நிறுவனம் வீழ்ந்தது. 2002இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 ப்ரோ ஃபிளாப்பி டிரைவுக்குரிய சிறு கனெக்டரையும், 2004இல் ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ரா இரண்டு நான்கு பின் கனெக்டர்களையும் கொண்டிருந்தன.

2004இல் பரவத் தொடங்கிய பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் இந்த ஒழுங்கின்மைக்கு ஒரு முறையை வகுத்தது. முழு அளவுச் செருகுவாய் 75 வாட் வரை தரலாம். அதில் 12 வோல்ட் பாதைக்கு உரியது 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட் மட்டுமே. துணையாக 6 பின் கனெக்டர் 75 வாட்டும், பின்னர் வந்த 8 பின் கனெக்டர் 150 வாட்டும் தரலாம் என விதிக்கப்பட்டது. 2007இல் வெளியான ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி கார்டு 6 பின் கனெக்டர்கள் இரண்டிலேயே இயங்கக்கூடியதாக இருந்தபோதும், 8 பின் கம்பியைச் செருகினால் மட்டுமே நிறுவனமே தந்த ஓவர்கிளாக்கிங் வசதியைத் திறந்துவிட்டது. வேகத்தின் எல்லையும் மின்கம்பியின் எல்லையும் வெளிப்படையாகப் பிணைக்கப்பட்டதற்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டு.

பலகையின் அடுக்குகள்

மின்சுற்றுப் பலகை என்பது கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த தகடுகளுக்கு இடையே செப்புப் படலங்களை வைத்து அழுத்திச் செய்யப்படுவது. உயர்நிலைக் கார்டுகளில் இப்படலங்கள் 10, 12, 14 எனப் பெருகியுள்ளன. சில அடுக்குகள் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவுக் குறிகைகளைக் கொண்டு செல்லும் நுண்கோடுகளுக்கும், சில அடுக்குகள் முழுப் பரப்பும் செம்பாகவே விடப்பட்டு மின்சாரத்தையும் அதன் திரும்பு பாதையையும் சுமப்பதற்கும் ஒதுக்கப்படுகின்றன. நினைவகச் சில்லுகள் முதன்மைச் சில்லைச் சுற்றி நெருக்கமாக அடுக்கப்படுவதும், குறுகிய கோடுகள் வேண்டுமென்றே நெளிநெளியாக வளைக்கப்படுவதும், எல்லாக் குறிகைகளும் ஒரே நேரத்தில் சென்று சேர வேண்டும் என்பதற்காகவே.

மின்சாரத்தைச் சுமக்கும் அடுக்கின் தடிப்பு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 300 வாட் செலவிடும் சில்லு ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குமானால் அதற்குள் பாயும் ஓட்டம் 300 ஆம்பியர். ஓர் அவுன்ஸ் செம்பு எனத் தொழிலில் வழங்கும் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 35 மைக்ரோமீட்டர்தான். பாதை முழுவதன் மின்தடையும் ஓர் ஓமின் பத்தாயிரத்தில் ஒரு பங்காக மட்டும் இருந்தாலும், வழியிலேயே 0.03 வோல்ட் குறைந்துபோவதோடு 9 வாட் வெப்பமும் பலகையில் வீணாகும். ஓவர்கிளாக்கிங் செய்வோர் கூட்டும் மின்னழுத்தமே பெரும்பாலும் சில பத்து மில்லிவோல்ட் அளவினது என்பதால், வடிவமைப்பாளர்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் உறுப்புகளைச் சில்லுக்கு மிக அருகில் வைப்பதும், செப்புப் படலத்தை இருமடங்கு தடிப்பாக்குவதும் வீண் செலவாகாது.

2015இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 ஃபியூரி எக்ஸ், நினைவகத்தைப் பலகையிலிருந்து அகற்றி, முதன்மைச் சில்லுடன் ஒரே சிலிக்கான் அடித்தகட்டின்மேல் அமர்த்தியது. நினைவகக் கோடுகளுக்குரிய இடம் மிச்சமானதால் பலகையின் நீளம் 20 சென்டிமீட்டருக்கும் உட்பட்டது.

மின்னழுத்தச் சீராக்கி

மின்வழங்கி தரும் 12 வோல்ட்டை 1 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது, விஆர்எம் எனச் சுருக்கமாக வழங்கும் மின்னழுத்தச் சீராக்கியின் பணி. இதில் மாஸ்ஃபெட் எனப்படும் இரு மின்விசைகள் நொடிக்குப் பல இலட்சம் தடவை மாறிமாறித் திறந்து மூடுகின்றன. இதனால் துண்டு துண்டாக வரும் மின்சாரத்தை ஒரு சுருளும் மின்தேக்கிகளும் சமன்படுத்துகின்றன. ஒரு சுருளும் அதற்குரிய மின்விசைகளும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். ஒரே ஃபேஸ் முந்நூறு ஆம்பியரைச் சுமக்க இயலாது என்பதால் பல ஃபேஸ்கள் அடுத்தடுத்துச் சிறு கால இடைவெளியில் முறைவைத்து இயங்குகின்றன. பல ஏற்றங்கள் முறைவைத்து இறைத்தால் வாய்க்காலில் நீர் இடையறாது ஓடுவது போல, ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் இதனால் தணிகிறது, வெப்பமும் பரவலாகிறது.

மேல் மாஸ்ஃபெட்டையும் கீழ் மாஸ்ஃபெட்டையும் அவற்றை இயக்கும் சுற்றையும் ஒரே உறைக்குள் அடக்கிய டிஆர்மாஸ் உறுப்புகள் பரவியபின், சிறிய இடத்தில் கூடுதல் ஃபேஸ்களை அமைப்பது எளிதாயிற்று. 2018இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டின் என்விடியா சொந்தப் பதிப்பில் 13 ஃபேஸ்கள் இருந்தன. ஆயினும் விளம்பரங்களில் காணும் ஃபேஸ் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பலகையின் தரத்தை அளக்க முடியாது. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் சுமக்கும், எவ்வளவு வீணாக்கும், அதன் வெப்பத்தைக் குளிர்விப்பான் தொடுகிறதா என்பனவும் உடன் பார்க்கப்பட வேண்டியவை. 2016இல் ஈவிஜிஏ நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 1080 வரிசைக் கார்டுகள் சிலவற்றில் சீராக்கிப் பகுதி மிகுதியாகச் சூடாவது தெரியவந்தபோது, அந்நிறுவனம் வெப்பம் கடத்தும் பட்டைகளை இலவசமாக அனுப்பியதும், விசிறி வேகத்தைக் கூட்டும் பயாஸ் மாற்றத்தை வெளியிட்டதும் இந்தக் கடைசி நிபந்தனையின் முக்கியத்துவத்தை உணர்த்தின.

வேகம் கூட்டும் முறைகளும் அவற்றின் விலையும்

டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். சில்லின் மின்செலவோ வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. ஆகவே இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். வெப்பம் ஏறும்போது டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்சாரமும் சேர்ந்துகொள்வதால் உண்மைச் செலவு இன்னும் மிகும். சில்லுக்குள் இருக்கும் உலோகக் கம்பிகளின் அணுக்கள் மின்னோட்டத்தால் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்து கம்பியை அறுத்துவிடும் தேய்வும் உண்டு. ஓட்டச் செறிவும் வெப்பநிலையும் கூடக்கூட இதற்கான காலம் வெகுவாகக் குறையும் என்பதை ஜேம்ஸ் பிளாக் 1969இலேயே சமன்பாடாக வகுத்துள்ளார்.

தொடக்கத்தில் மின்னழுத்தத்தை மாற்ற மென்பொருள் வழி இல்லாததால், ஆர்வலர்கள் சீராக்கியின் பின்னூட்டச் சுற்றில் கைவைத்தனர். சீராக்கி தன் வெளியீட்டை அளந்தறிய உதவும் சிறு மின்தடையின்மேல் பென்சில் கரியைத் தேய்த்தால் மின்தடை குறையும். வெளியீடு குறைந்துவிட்டதாகச் சீராக்கி எண்ணி மின்னழுத்தத்தை உயர்த்தும். கரிக்குப் பதிலாக மாறுமின்தடையைச் சாலிடர் செய்வதும் வழக்கமாயிற்று. போட்டிகளுக்காக முயல்வோர் −196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை உலோகக் குவளையில் ஊற்றிச் சில்லைக் குளிர்விக்கின்றனர்; அங்கும் சில சில்லுகள் குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இயங்க மறுப்பதும், பலகையில் படியும் ஈரம் குறுக்குச்சுற்றை உண்டாக்குவதும் தனித் தடைகளாகின்றன.

கட்டுப்பாட்டு நிரலின் ஆட்சி

2010இல் 250 வாட் அளவுடன் வந்த ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480க்குப் பின், ஃபர்மார்க் போன்ற சோதனை நிரல்கள் எந்த விளையாட்டும் சுமத்தாத பளுவைக் கார்டின்மேல் சுமத்துவது தயாரிப்பாளர்களுக்குக் கவலையாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 580இல் 12 வோல்ட் பாதைகளின் ஓட்டத்தை அளக்கும் சுற்றுகள் பொருத்தப்பட்டன. டிசம்பரில் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 6900 வரிசை, மின்செலவைக் கணித்து வேகத்தைத் தானே குறைக்கும் பவர்டியூன் முறையுடன் வந்தது. 2011இல் இரட்டைச் சில்லு கொண்ட ஜிடிஎக்ஸ் 590இன் மின்னழுத்தத்தை உயர்த்திச் சோதித்தவர்களின் கார்டுகள் சில எரிந்துபோனது, இத்தகைய காவல் ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை விளக்கியது.

2012இல் ஜிடிஎக்ஸ் 680உடன் வந்த ஜிபியு பூஸ்ட் இக்காவலை வேகமூட்டும் கருவியாகவும் மாற்றியது. அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ் எனக் குறிக்கப்பட்ட அச்சில்லு, மின்செலவுக்கு இடமிருக்கும்போதெல்லாம் தானாகவே மேலே சென்றது. முன்பு பயனர் தேடிக் கண்டெடுத்த மிச்ச வேகத்தை இனி நிறுவனமே எடுத்துக்கொண்டது. இதன்பின் எல்லையை மீற விரும்பியோர் குறிவைத்தது ஓட்டத்தை அளக்கும் 5 மில்லி ஓம் மின்தடையையே. அதே அளவுள்ள இன்னொன்றை அதன்மேல் சாலிடர் செய்தால் மொத்தம் பாதியாகும். உண்மையில் 400 வாட் ஓடும்போது கார்டு 200 வாட் என்றே அறியும். அளவு பொய்த்தாலும் கம்பிகளிலும் மாஸ்ஃபெட்டுகளிலும் ஏறும் வெப்பம் பொய்ப்பதில்லை என்பதால், இம்முறை பலகையின் காவலை முற்றிலும் பயனரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

பலகை எல்லையாகிய மூன்று நிகழ்வுகள்

2016இல் 150 வாட் எனக் குறிக்கப்பட்டு, ஒரே 6 பின் கனெக்டருடன் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 480இன் ஆறு ஃபேஸ்களில் மூன்று செருகுவாயிலிருந்தும் மூன்று கனெக்டரிலிருந்தும் மின்சாரம் பெற்றன. இந்தச் சமபங்கீட்டின் விளைவாக, மொத்தச் செலவு ஏறியபோது செருகுவாயின் 66 வாட் வரம்பும் மீறப்பட்டதை விமர்சகர்களின் அளவீடுகள் காட்டின. அடுத்த மாதமே ஏஎம்டி வெளியிட்ட டிரைவர், பளுவின் ஒரு பகுதியைக் கனெக்டர் பக்கம் தள்ளிச் சிக்கலைத் தணித்தது.

2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுகள் சில, உயர்ந்த வேகத்தை எட்டியதும் விளையாட்டை நிறுத்திவிட்டு வெளியேறின. ஐயம் பலகையின் மின்தேக்கிகள்மேல் விழுந்தது. சில்லுக்கு நேர் பின்புறம் அவற்றுக்கென ஆறு இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெரிய பாலிமர் மின்தேக்கியையோ, பத்துச் சிறு பீங்கான் மின்தேக்கிகளையோ வைக்கலாம். பாலிமர் வகை நிறையச் சேமிக்கும். பீங்கான் வகை மிக விரைவான மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும். ஆறிலும் பாலிமர் வைத்த வடிவம் தன் சோதனையில் தேறவில்லை என்று கூறிய ஈவிஜிஏ, நான்கு பாலிமரும் இருபது பீங்கானும் என மாற்றியது. மின்தேக்கி வகையை மட்டும் கொண்டு தரத்தைத் தீர்மானிக்க முடியாது என்பது என்விடியாவின் விளக்கம். அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் நிலைமையைப் பெரிதும் சீராக்கியது.

மூன்றாவது நிகழ்வு கனெக்டரைப் பற்றியது. பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட் மூன்று பின்கள் வழியே செல்வதால் ஒரு பின்னுக்கு 4.2 ஆம்பியர்கூட வருவதில்லை. 2022இல் வகுக்கப்பட்ட 12விஎச்பிடபிள்யூஆர் கனெக்டரோ அதைவிடச் சிறிய ஆறு பின்கள் வழியே 600 வாட்டைச் செலுத்துகிறது. ஒரு பின்னுக்கு 8.3 ஆம்பியர். பின் தாங்கக்கூடிய அளவு 9 ஆம்பியருக்குச் சற்றே மேல் என்பதால் காப்பு இடைவெளி மிகக் குறுகியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் கனெக்டர் உருகியது. முழுமையாகச் செருகப்படாமை ஒரு காரணமெனக் கண்டறியப்பட்டு, சரியாகப் பொருந்தாவிட்டால் மின்சாரம் எடுக்காதபடி உணர்பின்களைக் குறுக்கிய 12வி-2×6 வடிவம் 2023இல் வந்தது. ஆயினும் 2025இல் 575 வாட் அளவுடன் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இலும் இத்தகைய செய்திகள் வந்தபோது, கவனம் பலகையின் பக்கம் திரும்பியது. ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ பலகையில் ஆறு பின்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து தனித்தனியே அளக்கப்பட்டன. பின்வந்த பல பலகைகளில் அவை உள்ளே நுழைந்தவுடன் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஒரு பின்னின் தொடுகை நலிந்து மற்றொன்று அதன் பளுவையும் சுமந்தாலும் இப்பலகைகள் அதை அறிய வழியில்லை.

இன்றைய நிலை

உயர்நிலைக் கார்டுகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே தம் எல்லைக்கு மிக அருகில் இயங்குகின்றன. எனவே வேகத்தை உயர்த்துவதைவிட, அதே வேகத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் குறைத்து வெப்பத்தையும் செலவையும் தணிக்கும் அண்டர்வோல்டிங் முறை பயனர்களிடையே பரவியுள்ளது. தயாரிப்பாளர்களில் சிலர் கனெக்டரின் ஒவ்வொரு பின்னிலும் ஓடும் மின்சாரத்தை அளந்து எச்சரிக்கும் சுற்றுகளைப் பலகையில் சேர்த்துள்ளனர். சில்லின் திறன் வளர்ந்துகொண்டே இருக்கும் வரை, அதை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்ற கேள்விக்கான விடையை அதற்கு மின்சாரம் கொண்டுவந்து சேர்க்கும் செம்பும் சாலிடரும் பின்களுமே தொடர்ந்து தீர்மானிக்கும்.