கல்லமேட்டில் பொடிந்த எலும்பு

அரியலூர் என்றால் நமக்கு சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் கல்லமேட்டில் ஒரு டைனோசர் கிடைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் அதற்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். வடமொழியில் ‘பிருகத்காயம்’ என்றால் பேருடல். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர், நம் வாசற்கதவு உயரம்!

முதலில் மாமிசம் தின்னும் இனம் என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தினார்கள். எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சரிபார்க்க அசல் இல்லை. எலும்புகள் பொடிந்துபோன செய்தி 2017-இல்தான் அச்சில் வந்தது. பேரேட்டில் வரவு இருக்கிறது, பெட்டகத்தில் ரொக்கம் இல்லை. வங்கியில் இருந்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். அகழ்ந்தபோது எடுத்த பழைய புகைப்படங்களை 2022-இல் வெளியிட்டார்கள். இன்று சாட்சி அவைதான்.