புட்டிப்பால் சட்டமும் தாராவித் தாயின் காலை நேரமும்

1981 மே 21 அன்று ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் வணிகத்துக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டுமே. இந்தியா 1983-இல் தனக்கென ஒரு நெறிமுறை வகுத்து, 1992-இல் சட்டமே இயற்றியது. 2003-இல் அது திருத்தப்பட்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது; இலவச மாதிரி கூடாது; டப்பாவில் குழந்தைப் படம் கூடாது; மருத்துவர் சங்கக் கருத்தரங்குகளுக்கு நிறுவனப் பணமும் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. வணிக நிறுவனங்களின் நெருக்குதலுக்கு நடுவே இவ்வளவு கறாரான சட்டம் வந்ததைச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அது பாதிச் சட்டம் என்பதே என் வாதம். விற்பவரின் வாயை அது கட்டியது. வாங்குகிறவளை டப்பாவின் பக்கம் தள்ளுவது எது என்று கேட்கவில்லை.

மும்பையின் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு விளம்பரம் தேவையில்லை. காலையில் கிளம்பினால் மூன்று நான்கு வீடு முடித்துத் திரும்ப மதியமாகிவிடும். பிழிந்து வைத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும்; மும்பை வெக்கையில் அதுவும் நிச்சயமில்லை. குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி பவுடர் என்ற அளவில் 150 மில்லிக்கு 5 கரண்டி போட வேண்டும். டப்பா மாதக் கடைசி வரை வர வேண்டுமே என்று பாட்டி 3 கரண்டியோடு நிறுத்தினால், வயிறு நிறையும். சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். தண்ணீரோ, குழாயில் வரும் நேரத்தில் டிரம்மில் பிடித்து வைத்தது. பவுடர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் இவளைத் தொடவில்லை. கடை, நிறுவனம் என்றால் 10 பேராவது வேலை செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம்: முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். தாய்ப்பால் மட்டுமே தரவேண்டிய முதல் ஆறு மாதத்துக்கு அதைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 28 ரூபாய்கூட வராது.

வேறு வழி இல்லை என்பதற்கில்லை. தாராவியை ஒட்டிய சயான் மாநகராட்சி மருத்துவமனையில் 1989-இல் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தாய்மார் தானமாகத் தரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, உறைநிலையில் காத்து, குறைமாதக் குழந்தைகளுக்குத் தருகிறார்கள். விலை கிடையாது. மாநகராட்சி மருத்துவமனை ஒன்று, ஏழைத் தாய்மார்களை நம்பி, பவுடருக்கு மாற்றை நடத்திக் காட்டியது. அரசு பணமும் ஆளும் இடமும் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று அந்த வங்கி. ஆனால் மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போன குழந்தைக்கு அது எட்டாது.

தாய்ப்பாலை வணிகப் பொருளாக்க அனுமதியில்லை என்று 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. சரியான முடிவு. பாலுக்கு விலை வைக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாயின் நேரத்துக்கு மட்டும் நாளுக்கு 28 ரூபாய்க்கும் கீழாக விலை வைத்திருப்பதை எப்படி ஏற்பது? டப்பாவைக் கண்காணிக்கும் சட்டத்தோடு, அமைப்புசாராப் பெண்களுக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்தபட்சக் கூலி அளவிலான மகப்பேற்று உதவியையும் சட்டமாக்குங்கள். சயானில் தொடங்கிய வேலை தாராவியின் வீடுகளுக்குள் வர அதுவே வழி.