உதிரப்பட்டியும் குருதிக் கொடையும்



பண்ருட்டிக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்த திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊர் என்றே பலரும் அறிவர். அவரை வளர்த்த நரசிங்க முனையரையரும் திருமுனைப்பாடி நாட்டை ஆண்டவரே. ஆனால் முதுகலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றது வேறொருவரைத் தேடி. முதற் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன், வடக்கிலிருந்து வரக்கூடிய படையெடுப்பை எதிர்நோக்கி இப்பகுதியில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். ஊரும் அவன் பெயரால் இராசாதித்தபுரம் என வழங்கியது. கல்வெட்டுகள் திருத்தொண்டீச்சரம் என்று குறிக்கும் இக்கோயில் கற்றளியானதும் அவன் காலத்தில்தான்.

அவனுடைய பரிவாரத்தார் இங்கே விளக்குகள் வைத்தனர். சேரநாட்டிலிருந்து வந்த வீரர்களும் அவர்களுள் இருந்தனர். 'மலையாண ஒற்றைச்சேவகர்' என்று கல்வெட்டு அவர்களைச் சுட்டுகிறது. ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் அளிப்பது அக்கால வழக்கம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். ஆடு சாகாது, மூப்படையாது என்பதன்று பொருள். சாவனவற்றின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

கல்வெட்டை நாம் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் மாணவர் ஒருவர் குறுக்கிட்டார். அவருடைய அண்ணன் படையில் பணிபுரிபவர். "ஐயா, விளக்குக்கு ஆடு குடுத்தவங்க பேரெல்லாம் கல்லுல இருக்கு. போருக்குப் போயி செத்தவங்க பேரு எங்கய்யா இருக்கு?"

உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி நம்முடனேயே வந்தது.

கி.பி. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு இராசாதித்தன் மோதினான். யானை மேலிருந்தவாறே வீழ்ந்தான். சோழர் ஆவணங்கள் அவனை 'ஆனைமேல் துஞ்சினவன்' என்று போற்றும். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்பதைக் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு கூறுகிறது. அதே கல், காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட காளி என்னும் வேட்டை நாயையும் நினைவுகூர்கிறது! நாயின் பெயரும் கல்லில் நிலைத்தது. திருநாவலூரில் தங்கியிருந்து தக்கோலத்தில் மாண்ட சேவகர் எத்தனையோ பேருடைய பெயர்கள் நிலைக்கவில்லை.

பிழைத்தவர் நிலை எவ்வாறிருந்தது? திருவொற்றியூரில் கன்னரதேவன் காலத்து வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. கேரளத்தில் பிறந்து இராசாதித்தனுக்கு உற்ற நண்பராய் இருந்த ஒருவர், அவனோடு தாமும் உயிர்விடும் வாய்ப்பைத் தவறவிட்டதற்கு வருந்தித் துறவு பூண்டு சதுரானன பண்டிதர் ஆன செய்தியை அது உரைக்கிறது. கி.பி. 943இல் பெண்ணையாற்றுப் பகுதியில் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுத்த படைத்தலைவன் வெள்ளங்குமரனே இவர் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். நண்பனுக்காகத் தன் குருதியைத் தர இயலாமற்போன ஒருவரின் குற்றவுணர்வு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கல்லில் கசிகிறது.

வீழ்ந்தவனுக்கு ஊர் என்ன செய்தது? நடுகல் நட்டது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறும். அத்துடன் அவன் வழியினர்க்கு நிலமும் அளித்தது. வரி நீக்கித் தரப்பட்ட அந்நிலத்தின் பெயர் 'உதிரப்பட்டி'. 'நெய்த்தோர்' என்றாலும் குருதியே. ஆதலின் 'நெய்த்தோர்ப்பட்டி' என்ற வழக்கும் உண்டு. சிந்திய குருதிக்கு ஊர் திருப்பிச் செலுத்திய கடன் அது.

ஆனால் அந்நிலம் இறந்த பின் கிடைத்தது. புண்பட்டு உயிரோடு கிடந்தவனுக்கு என்ன கிடைத்தது? பதிற்றுப்பத்து, நெடிய வெள்ளூசி கொண்டு புண்ணைத் தைத்ததைச் சொல்கிறது; நீரில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை அவ்வூசிக்கு உவமை ஆக்குகிறது. புறநானூற்றில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் வேப்பிலை செருகுகின்றனர், வெண்சிறுகடுகு தூவுகின்றனர், மணி ஒலித்துக் காஞ்சிப்பண் பாடுகின்றனர். நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் பாசறையில் புண்பட்டோரைக் காணச் செல்கிறான். தைக்கலாம், புகையூட்டலாம், பாடலாம், அருகிருக்கலாம். வடிந்துபோன குருதியை மட்டும் எவராலும் மீட்டுத் தர இயலவில்லை.

அந்த இயலாமை நீங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளை வெளிப்படுத்தினார். 1914இல் சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1917இல் முதல் உலகப் போர்க்களத்தில் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர், முன்னரே எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக் காத்த குருதியைப் புண்பட்டோர்க்கு ஏற்றினார். 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனா மக்கள் அளித்த குருதி களத்திற்கு அனுப்பப்பட்டது. போருக்குச் செல்லாதவரும் தம் குருதியைக் களத்திற்கு அனுப்பலாம் என்னும் நிலை வரலாற்றில் அப்போதுதான் தோன்றியது. வேப்பிலை செருகிய அந்த வீட்டுப் பெண்கள் கனவிலும் கண்டிராத கொடை இது!

இந்தியாவிலும் போரே இதற்குக் கால்கோள் இட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் கல்கத்தாவில், அனைத்திந்திய நலவாழ்வு, பொதுச் சுகாதார நிறுவனத்தில் நாட்டின் முதல் குருதி வங்கி அமைந்தது. செஞ்சிலுவைச் சங்கம் அதனை நடத்தியது. அரசு ஊழியரும் ஆங்கிலோ இந்தியரும் பெருமளவில் குருதி அளித்தனர். போர் முடிந்தது, ஆர்வமும் தணிந்தது. பணம் கொடுத்துக் குருதி வாங்க வேண்டியதாயிற்று. 1965 போரின்போது மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். எனினும் விலைக்குக் குருதி வாங்கும் வழக்கம் ஒழிய, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, 1998இல் அது நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது.

இங்கேதான் திருநாவலூர்க் கல்வெட்டு நமக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. எடுத்த குருதியைக் காப்புக் கரைசலுக்கு ஏற்ப 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் ஐந்து நாட்களே தாங்கும். போர் வந்தபின் ஓடிச் சென்று கொடுப்பது மனத்துக்கு நிறைவளிக்கலாம். ஆனால் முதல் நாள் புண்பட்டவனைக் காப்பது முந்தைய வாரம் எவரோ சேர்த்து வைத்த குருதி. படை மருத்துவமனைகளின் குருதி மையங்கள் நிறைவது வீரராலும் அவர்தம் குடும்பத்தாராலும், முகாம்களில் ஆரவாரமின்றிக் கைநீட்டும் பொதுமக்களாலும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் தரலாம் என்பது விதி. மந்தை குறையாமல் காத்த திருமுனைப்பாடி இடையரின் பணியும் இதுவும் ஒன்றே. விளக்கு அணையாதிருக்க வேண்டுமானால் பேராடுகள் சாவா மூவா நிலையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குக் குருதி நீர்மம் அனுப்பும் பணியை நெறிப்படுத்தியவர் சார்லசு ட்ரூ என்னும் கறுப்பின மருத்துவர். அவர் நாட்டுப் படையோ கறுப்பர் குருதியைத் தொடக்கத்தில் ஏற்கவே மறுத்தது; பின்னர்த் தனியே பிரித்து வைத்தது. அறிவியல் அடிப்படை அற்றதென அவர் அதனைக் கண்டித்தார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1950இல்தான் அவ்வேற்றுமையைக் கைவிட்டது. குயவரையும் பாணரையும் வேடரையும் மன்னரையும் ஒரே தொகையில் வைத்துத் தொண்டர் எனப் போற்றிய சுந்தரரின் ஊர்க்காரர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. குருதிப் பையில் வகை உண்டு, எண் உண்டு. குலம் இல்லை, பெயரும் இல்லை.

சில மாதங்களுக்குப் பின் அந்த மாணவர் ஒரு முகாமில் குருதி அளித்துவிட்டு வந்தார். கையில் ஒட்டிய பஞ்சோடு நம்மிடம் சொன்னார்: "இது எங்க அண்ணனுக்குப் போகாதுங்கய்யா, தெரியும். அங்க அவருக்குப் பக்கத்துல யாராவது குடுத்திருப்பாங்கல்ல?"

அன்று கோயிலில் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இன்றும் முழு விடை இல்லை. மாண்டவர் பெயர்களை இனிக் கல்லில் சேர்க்க எவராலும் இயலாது. ஆனால் உதிரப்பட்டி, இறந்தவனின் உற்றாருக்கு ஊர் அளித்தது. இக்கொடையோ, முகமறியா ஒருவன் இறவாதிருக்க, அவன் வீழும் முன்னரே அளிக்கப்படுவது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் கடந்துள்ளன. அந்த மாணவர் அதை ஒரே சொல்லாடலில் கடந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது.