கூரியர் தொழில் (இந்தியா)

கடிதம், ஆவணம், சிறு பொதி ஆகியவற்றைக் கட்டணம் பெற்று எடுத்துச்சென்று, உரியவர் கையில் ஒப்படைக்கும் தொழில். காவடியில் தொடங்கி விமானம்வரை வாகனங்கள் மாறின. ஆனால் பணத்தை யார் கொடுப்பது, பொதி திரும்பி வந்தால் நட்டம் யார் தலையில் விழுவது என்ற ஏற்பாடு மாறியபோதுதான் தொழிலே மாறியது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் தோளில் காவடி சுமந்த ஆட்கள் அஞ்சல் பொதிகளைக் கொண்டுசென்றனர். குஜராத், மும்பை வணிகர்களுக்கு 'அங்காடியா' என்ற தனியார் முறை இருந்தது; வைரமும் ரொக்கமும் நம்பிக்கை ஒன்றையே பிணையாகக் கொண்டு கைமாறின. 1877-இல் அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொதியைப் பெறுபவர் தபால்காரரிடம் விலையைச் செலுத்துவார்; அந்தத் தொகை விற்பவருக்குப் போய்ச் சேரும். வாங்க மறுத்தால் பொதி திரும்பிவிடும், செலவு விற்பவருடையது. லேகியம், பஞ்சாங்கம், நாவல் என எதையும் கடையே இல்லாமல் விற்க இது வழிசெய்தது. பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களே இதற்குச் சாட்சி. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் நடத்திய தொழில்களில் அஞ்சல்வழி விற்பனையும் ஒன்று. புத்தாயிரத்தில் புதுமை என்று கொண்டாடப்பட்ட 'கேஷ் ஆன் டெலிவரி'யில் வி.பி.பி.யில் இல்லாதது அதிகமில்லை.

1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமையை அரசுக்கே அளித்திருந்தது. தனியார் கூரியர்கள் கடிதத்தை 'ஆவணம்' என்று எழுதிக்கொண்டு தொழில் நடத்தினர். அரசும் பெரிதாகத் தடுக்கவில்லை. போட்டிக்கு 1986 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பீடு போஸ்ட்டைத் தொடங்கியது. அன்றைய வாடிக்கையாளர் வீடுகள் அல்ல, அலுவலகங்கள். காசோலை, டிராப்ட், டெண்டர் தாள்கள் மாலையில் எடுக்கப்பட்டு மறுநாள் காலை அடுத்த நகரத்து மேசையில் இருக்க வேண்டும். அனுப்புபவரே பணம் கொடுப்பார். 1983-இல் மும்பையில் தொடங்கப்பட்ட புளூ டார்ட், 1996-இல் போயிங் 737 சரக்கு விமானங்களை இரவில் பறக்கவிட்டு இந்த வேகத்தை விலைபொருளாக்கியது. அதன் விமானப் பிரிவின் தலைமையிடம் சென்னை. 2004-இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை டி.எச்.எல். வாங்க ஒப்பந்தமானது.

விமானம் வாங்க முதல் இல்லாதவர்கள் வேறு வழி கண்டார்கள். 1990-இல் பெங்களூரில் தொடங்கிய டி.டி.டி.சி. பிரான்சைஸ் முறையில் பரவியது. ஊரில் இருப்பவர் வாடகை, ஆள் சம்பளம், சைக்கிள் எல்லாம் தம் செலவில் பார்த்துக்கொள்வார். புக்கிங் தொகையில் அவருக்குப் பங்கு உண்டு. எஸ்.டி.டி. பூத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் கூரியர் பலகை தொங்கியது இப்படித்தான். சிற்றூர்களுக்குத் தனியார் கூரியர் வந்ததில் இம்முறையின் பங்கு பெரிது. பொதி காணாமற்போனால் புக்கிங் செய்தவர் டெலிவரி செய்பவரைக் கைகாட்டுவதும், அவர் பொதி பிரிக்கும் மையமான ஹப்பைக் கைகாட்டுவதும் இம்முறையின் பிறவிக் குறை.

தமிழ்நாட்டில் இவற்றுக்கெல்லாம் இணையாக 'பஸ்ஸில் போட்டுவிடுவது' இன்றும் நடக்கிறது. இரவு ஆம்னி பஸ்ஸில் ஏற்றிய மூட்டையை விடியற்காலையில் ஆள் நின்று இறக்கிக்கொள்வார். வாசல்வரை கொண்டுசேர்க்கும் 'கடைசி மைல்' செலவே இதில் இல்லை. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022-இல் தன் பேருந்துகளின் சுமைப்பெட்டிகளைப் பார்சலுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது.

பெரிய உடைப்பு இணைய வணிகத்தால் வந்தது. 2007-இல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட், 2010-இல் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் முறையை அறிமுகப்படுத்தியது. கடன் அட்டை வைத்திருந்தவர்கள் குறைவு. வைத்திருந்தவர்களுக்கும் முகம் தெரியாத கடையிடம் முன்பணம் கட்டத் தயக்கம். ஆனால் அலுவலகத் தபாலுக்குப் பழகிய கூரியர்கள் வீடுவீடாக ரொக்கம் வசூலித்துக் கணக்கு ஒப்படைக்கும் வேலைக்கு ஆயத்தமாக இல்லை. பிளிப்கார்ட் தன் சொந்த விநியோகப் பிரிவான ஈகார்ட்டை வளர்த்தது. 2011-இல் குருகிராமில் தோன்றிய டெல்லிவரி, கடை வைத்துப் புக்கிங் எடுக்காமல் இணைய வணிகர்களுக்காகவே வலையமைப்பைக் கட்டியது. 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடு இந்நிறுவனங்களின் பொதி பிரிக்கும் கூடங்களுக்கு ஆயத்தமாகக் காத்திருந்தது. வாங்க மறுத்துத் திரும்பும் பொதிக்கு இத்தொழிலில் 'ஆர்.டி.ஓ.' என்று பெயர். போகும் செலவும் வரும் செலவும் சேர்ந்து சிறு விற்பனையாளரின் லாபத்தைத் தின்றுவிடும். 1877-இன் பழைய சிக்கல் அப்படியே திரும்பியது.

2013-இல் வந்த அமேசானும் சொந்த விநியோகப் பிரிவை அமைத்தது. மளிகைக் கடைக்காரர்களைப் பகுதிநேர விநியோகஸ்தர்களாக்கியது. மீஷோ என்ற விற்பனைத் தளத்தின் விநியோகப் பிரிவான வால்மோ இன்னொரு படி போய், வண்டியோ கிடங்கோ வாங்காமல் சிறு போக்குவரத்து நிறுவனங்களைக் கோத்தே பொதிகளை அனுப்புகிறது. பெரிய விற்பனைத் தளம் தன் பொதிகளைத் தானே சுமக்கத் தொடங்கினால், அதை நம்பி வளர்ந்த கூரியர் ஆட்டம் காணும். ஈகாம் எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனத்துக்கு நேர்ந்தது அதுதான். 2025-இல் அதைச் சுமார் 1,400 கோடி ரூபாய்க்கு டெல்லிவரி வாங்கியது.

பிளிங்கிட், செப்டோ போன்ற உடனடி வணிக நிறுவனங்கள் கூரியரையே நடுவிலிருந்து நீக்கிவிட்டன. பொருள் ஏற்கெனவே பக்கத்துத் தெருக் கிடங்கில் இருக்கிறது. ஹப், டாக்கெட் எண், இரவு லாரி எதுவும் தேவையில்லை. மிஞ்சுவது ரைடரின் இருசக்கர வாகனம் மட்டும். அதன் பெட்ரோலும் பழுதும் பெரும்பாலும் அவர் செலவு. பிரான்சைஸ்காரர் அன்று ஏற்ற சுமையை இன்று தனி மனிதர் ஏற்கிறார், கடை வாசலில் பலகைகூட இல்லாமல்.

அஞ்சல் துறையும் மாறியிருக்கிறது. 2023-இன் புதிய அஞ்சல் சட்டம் கடிதத் தனியுரிமையைக் கைவிட்டது. 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது.

ரைடர் போன்ற செயலிவழித் தொழிலாளர் 2020-21-இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாவார்கள் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. இதில் டெலிவரி மட்டுமல்ல, வாடகைக் கார் உள்ளிட்ட பிற வேலைகளும் அடங்கும். ராஜஸ்தான் 2023-இல் இவர்களுக்கெனச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு தமிழ்நாடு நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காடு அதன் உச்சவரம்பு.