கைபேசியைத் துருவும் முன்: புதுமணத் தம்பதியர் அறிய வேண்டியவை

காவிரி டெல்டாவின் முஸ்லிம் ஊர்களில் நிக்காஹ் முடிந்த சில வாரங்களிலேயே மாப்பிள்ளை சபர் புறப்பட்டுவிடுவது பழகிப்போன காட்சி. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை என எந்த ஊரிலும் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் முழுதாக அறியும் முன்பே பிரிந்துவிடும் இருவருக்கு வாட்ஸ்அப்தான் இல்லறம். சந்தேகமும் அங்கேதான் முளைக்கிறது.

"ஆன்லைன்" என்றால் என்ன?

வாட்ஸ்அப்பில் "ஆன்லைன்" என்று காட்டினால் அந்தச் செயலி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். யாருடனோ பேசுகிறார் என்று பொருளல்ல. நேர வித்தியாசமும் உண்டு. நம் ஊரில் நள்ளிரவு 12.30 என்றால் ரியாத்தில் இரவு 10 மணி. வேலை முடிந்து கணவர் அழைப்பார் என்று காத்திருக்கும் பெண்ணை, "இந்நேரத்தில் யாரோடு பேச்சு?" என்று மாமியார் வீடு கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

மார்க்கம் சொல்வது

அல்குர்ஆன் 49:12 வசனம் அதிகமான சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல் மூன்றையும் தடுக்கிறது. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. சந்தேகப்பட்டவர் உளவு பார்க்கிறார். பார்த்ததை நாலு பேரிடம் சொல்கிறார். ஒழுக்கமான பெண்கள் மீது அவதூறு கூறி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 24:4 வசனம் கடும் தண்டனை கூறுகிறது. பயணம் சென்றவர் குடும்பத்தாரைச் சந்தேகித்து, குறை தேடும் எண்ணத்தில் இரவில் திடீரென வீடு திரும்புவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

மறுபக்கமும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது தம்மைப் பார்க்க வந்த மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்பச் சென்றார்கள். எதிர்ப்பட்ட இரு அன்சாரித் தோழர்களிடம், உடனிருப்பவர் ஸஃபிய்யாதான் என்று தாமாகவே விளக்கினார்கள். சந்தேகத்துக்கு இடம் தராமல் நடப்பதும் சுன்னத்துதான். கேட்டால் கோபப்பட்டுக் கைபேசியை ஒளிப்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கொன்றில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் ஆதாரமாகக் காட்டினார். அந்தரங்கத்தை மீறிப் பெற்ற ஆதாரம் செல்லாது என்று 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஆனால் 2025 ஜூலை 14 அன்று விபோர் கார்க் வழக்கில், தம்பதியருக்கு இடையிலான வழக்கில் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலை வந்துவிட்டால், அந்த மணவாழ்வு ஏற்கெனவே முறிந்திருப்பதன் அடையாளம் அது என்பதையும் சுட்டிக்காட்டியது. ஆதாரமாக ஏற்பது வேறு. உளவு பார்ப்பதை அனுமதிப்பது வேறு. பிறர் கணக்கில் மோசடி நோக்கில் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

* மனதில் உறுத்துவதை நேரடியாக, தனிமையில் கேளுங்கள். குடும்பக் குழுவில் போடாதீர்கள்.
* சபர் புறப்படும் முன்பே பேசும் நேரத்தை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.
* ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். அதைப் போலியாகவும் உருவாக்க முடியும்.
* வாட்ஸ்அப் அமைப்புகளில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைப் பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள்.
* பேசியும் தீராவிட்டால், 4:35 வசனம் காட்டும்படி இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துங்கள்.
* மிரட்டல், படங்களைப் பரப்புதல் என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930, பெண்கள் உதவி எண் 181.

கேட்டுத் தெளிவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஊரெல்லாம் பரவிய பழியைத் துடைக்க ஓர் ஆயுளும் போதாது.