பாங்காய் கார்டினல் மீன்

பாங்காய் கார்டினல் மீன், இந்தோனேசியாவின் மத்திய சுலாவெசிக்குக் கிழக்கே உள்ள பாங்காய் தீவுக்கூட்டத்தைத் தாயகமாகக் கொண்ட சிறிய கடல் மீன். அறிவியல் பெயர் டெராபோகான் கௌடர்னி. அபோகானிடே குடும்பத்தைச் சேர்ந்த இது சுமார் 8 செ.மீ. வளரும். வெள்ளி நிற உடலில் கரும்பட்டைகள் குறுக்கே ஓடும். உயர்ந்த துடுப்புகளிலும் கவட்டை வாலிலும் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும்.

பெயர் வரலாறு

சுவீடனின் விலங்கியலாளரும் இனவரைவியலாளருமான வால்ட்டர் கௌடர்ன், டச்சு ஆட்சியில் இருந்த சுலாவெசியில் ஆய்வுப் பயணம் செய்தபோது, 1920இல் பாங்காயில் இம்மீனைச் சேகரித்தார். அதை ஆராய்ந்த டச்சு மீனியலாளர் எஃப். பி. கௌமன்ஸ், 1933இல் புதிய சிற்றினமாகவும் அதற்கெனத் தனிப் பேரினமாகவும் அறிவித்தார். பேரினப் பெயரில் 'டெரோன்' என்ற கிரேக்கச் சொல் துடுப்பைக் குறிக்கும். 'அபோகான்' என்றால் தாடியற்றது. தாடையில் உணர்விழைகள் இல்லாத கார்டினல் மீன்களுக்கு முன்பே வழங்கிய பெயர் அது. 'கௌடர்னி' சேகரித்தவரைச் சிறப்பிக்கிறது. கத்தோலிக்க கார்டினல்களின் செவ்வங்கியை நினைவூட்டும் சிவப்பு மீன்கள் பல இக்குடும்பத்தில் உண்டு; சிவப்பே இல்லாத இம்மீனுக்கும் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் அறுபது ஆண்டுகள் இம்மீனை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1990களின் நடுவில் மீனியலாளர் ஜெரால்டு ஆலன் இதைப் பாங்காயில் மீண்டும் ஆராய்ந்து, 1995இல் ரோஜர் ஸ்டீனுடன் இணைந்து இதன் வாழ்வியலை வெளியிட்டார். உடனே உலக மீன்தொட்டிச் சந்தை இதை நாடியது.

வாழ்வு

கரையோர ஆழமற்ற நீரில், நீண்ட முட்கள் கொண்ட கடல் முள்ளெலி, கடல் சாமந்தி, கிளைப்பவளம் ஆகியவற்றிடையே கூட்டமாக அடைக்கலம் புகும். பெண் இடும் முட்டைகளை ஆண் வாயில் ஏந்தி அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாயிலேயே வைத்துக் காக்கும். பவளப்பாறை மீன்கள் பெரும்பாலானவற்றின் இளம் பருவம் கடல் நீரோட்டத்தில் மிதந்து பரவும். இம்மீனுக்கு அப்பருவமே இல்லை. அதனால் அருகருகே உள்ள தீவுகளின் கூட்டங்கள்கூட மரபணுவில் வேறுபடுகின்றன.

பாதுகாப்பு

2000களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டன. முள்ளெலியையும் சாமந்தியையும் மக்கள் அள்ளியதால் குஞ்சுகளின் புகலிடமும் குறைந்தது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டு, இதன் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்த சைட்டிஸ் மாநாட்டில் அமெரிக்கா கொண்டுவந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2018இல் இந்தோனேசியா வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு அளித்தது.

ஒரு விரிகுடாவில் இம்மீன் அற்றுப்போனால், வேறிடத்திலிருந்து தானாக வந்து நிரம்ப வழியில்லை. ஆகவே பாதுகாப்பைத் தீவுதோறும் தனித்தனியே திட்டமிட வேண்டும். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீன் என்பதால், வளர்க்க விரும்புவோர் பண்ணையில் பிறந்த மீன்களையே வாங்குவது நல்லது.