விளையாட்டும் விலையும்



மைசூர்ச் சீமையின் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்னாளில் பௌரிங்பேட்டை என வழங்கிய ஊர்தான் இன்றைய பங்காருபேட்டை. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. 1894 ஆம் ஆண்டு முதல் இக்கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிகுப்பம் வரை செல்கிறது. சுரங்கத்துக்கு ஆட்களையும் இயந்திரங்களையும் கொண்டு சென்ற அதே பாதையில், இந்நாளில் விடியற்காலையில் எதிர்த்திசையில் கூட்டம் பெருகி வருகிறது. சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் தமிழ் மக்களின் கூட்டம் அது.

அண்மையில் ஒரு நாள் அந்த வண்டியில் நாமும் பயணம் செய்தோம். எதிரே ஒரு பெரியவரும் அவருடைய பேரனும் அமர்ந்திருந்தனர். பெரியவர் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். பேரன் தொழிற்கல்வி பயிலும் மாணவன். பையனின் கையிலிருந்த கைபேசியில் ஒரு போர் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அவனுடைய வீரன் பொன்னிறச் சட்டை அணிந்து மின்னினான்.

"இதற்குக் காசு கொடுத்தாயா, தம்பி?" என்று கேட்டோம்.

"ஆமாம் ஐயா. ஸ்கின் என்று சொல்வோம். முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று."

"அதை அணிந்தால் உன் வீரனுக்கு வலிமை கூடுமோ?"

"இல்லை ஐயா, அழகுக்குத்தான். வலிமையைக் காசுக்கு விற்றால் நான் அந்த ஆட்டத்தையே ஆடமாட்டேன்."

பெரியவர் தலையை அசைத்தார். "கையில் பிடிக்க முடியாத சட்டைக்கு முந்நூறு ரூபாய்! நாங்கள் பாறையை உடைத்து எடுத்த தங்கத்தையாவது தொட்டுப் பார்க்கலாம்" என்றார்.

இவ்விருவர் கூற்றிலும் பொருள் உண்டு என்றே நமக்குத் தோன்றியது. விளையாட்டுக்குள் சிறுசிறு தொகை செலுத்தி அணியோ ஆயுதமோ வாங்கும் இந்தச் சில்லறைக் கொள்முதலுக்கு ஒரு வரலாறு உண்டு. விற்றவர் வரலாற்றைவிட, ஆடியவர் அதைப் பற்றி என்ன கருதினர் என்னும் வரலாறே நாம் அறியத்தக்கது. அதையே இன்று சிறிது ஆராய்வோம்.

ஆட்டக் கருவியை அழகுபடுத்தப் பொருள் செலவிடுவது புதிய வழக்கம் அன்று. இதே மைசூர் நாட்டில் 1868 ஆம் ஆண்டு வரை வாழ்ந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் சீட்டாட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவர். கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளைக் கொண்டு பல புதிய ஆட்டங்களை அவர் வகுத்தார். அவர் காலத்தில் உருவான 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் நூலின் ஒரு பகுதி இவ்வாட்டங்களை விவரிக்கிறது. கஞ்சிபாச் சீட்டுகளில் இருவகை உண்டு. தந்தத்திலும் ஆமையோட்டிலும் தீட்டப்பெற்று அரண்மனையில் வழங்கியவை தர்பார் கலம். துணியையும் காகிதத்தையும் பசையிட்டு ஒட்டிச் செய்து கடைத்தெருவில் விற்றவை பஜார் கலம். ஆயினும் அரசன் கையில் இருந்த தந்தச் சீட்டும் வணிகன் கையில் இருந்த காகிதச் சீட்டும் ஆட்டத்தில் ஒரே மதிப்புடையவை. தந்தச் சீட்டு வைத்திருப்பவன் கூடுதலாக ஒரு பிடி வெல்ல முடியாது. செல்வம் கருவியின் அழகை மாற்றியது. ஆட்டத்தின் விதியை மாற்றவில்லை. இந்த எல்லைக்கோடுதான் பிற்காலப் பூசல்கள் அனைத்துக்கும் அடிப்படை.

மின்பொறி விளையாட்டுகள் வந்தபோது அக்கோடு மங்கலாயிற்று. காசு போட்டு ஆடும் பொறிகளில், ஒரு காசுக்கு ஓர் ஆட்டம் என்பதே தொடக்கத்தில் முறை. 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டபுள் டிராகன் 3' என்னும் பொறியாட்டத்தில், ஆட்டத்தின் நடுவிலேயே கடை ஒன்று தோன்றும். மேலும் காசு போட்டால் ஆயுதமும் வலிமையும் கிடைக்கும். ஆடியவர்க்கு இது உவப்பாக இல்லை. ஜப்பானில் வெளியிட்ட பதிப்பில் இம்முறை நீக்கப்பட்டது.

இணையம் பரவியபின் கொரிய நாட்டில் வேறு வழி கண்டனர். 2003 இல் தோன்றிய 'மேப்பிள் ஸ்டோரி' போன்ற ஆட்டங்களில் நுழைவுக்குக் கட்டணம் இல்லை; உடைக்கும் தொப்பிக்கும் மட்டும் கட்டணம். இதனால் ஏழை மாணவனும் இலவசமாக ஆடலாம். விருப்பமுள்ளவன் அலங்காரத்துக்குக் கொடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டைப் பலரும் நியாயமானதாகவே ஏற்றனர்.

மேலைநாட்டில் முதல் முணுமுணுப்பு 2006 ஏப்ரலில் எழுந்தது. 'ஆப்லிவியன்' என்னும் ஆட்டத்தில் குதிரைக்குக் கவசம் பூட்ட இரண்டரை டாலர் விலை வைத்தார்கள். ஆட்டத்தையே முழுவிலை கொடுத்து வாங்கியவர்கள், குதிரைக் கவசத்துக்கு மீண்டும் காசா என்று நகையாடினர். நகைத்தவர்களில் பலர் வாங்கவும் செய்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பொருளைப் பழித்துக்கொண்டே வாங்குவது சந்தையில் புதுமையன்று. நிறுவனங்கள் பழிப்பைவிட விற்பனையையே கருத்தில் கொண்டன.

ஆனால் ஆடுவோர் ஒன்றுபட்டு நின்றபோது நிறுவனங்கள் பணிந்ததும் உண்டு. ஐஸ்லாந்து நாட்டில் உருவான 'ஈவ் ஆன்லைன்' என்னும் விண்வெளி ஆட்டத்தில் 2011 ஜூனில் ஓர் அலங்காரக் கடை திறக்கப்பட்டது. அங்கே ஒற்றைக்கண்ணாடி ஒன்றின் விலை அறுபது டாலருக்கும் மேல். அதே வேளையில் அந்நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று வெளியே கசிந்தது. அலங்காரத்தோடு நில்லாமல் வலிமையையும் விலைக்கு விற்கலாமா என்னும் விவாதம் அதில் இருந்தது. ஆடுவோர் கொதித்தெழுந்தனர். ஆட்ட உலகின் பெருஞ்சந்தையாகிய ஜிட்டாவில் திரண்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தை நோக்கித் தம் கப்பல்களால் சுட்டு எதிர்ப்பைக் காட்டினர். ஆடுவோரே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்தினரை நிறுவனம் ஐஸ்லாந்துக்கு வரவழைத்துப் பேசியது. அலங்காரம் விற்போம், ஆட்டத்தைப் பாதிக்கும் பொருள் விற்கும் திட்டமில்லை என்று உறுதி கூறிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அதன் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

இப்பூசலைக் கண்ணாடியின் விலை பற்றிய சண்டை என்று எண்ணிவிடலாகாது. கண்ணாடி வேண்டாதவன் வாங்காமல் இருக்கலாம். நாளைக்கு வலிமையும் கடைக்கு வருமானால், உழைத்து ஆடுபவனுக்கும் பணம் வைத்திருப்பவனுக்கும் இடையே ஆடுகளம் சமமாக இராது என்பதே அவர்கள் அஞ்சியது. பங்காருபேட்டை வண்டியில் அந்தப் பையன் கூறியதும் இதுவே.

அடுத்து எழுந்த குறை வேறு விதமானது. பொருளை நேரே விற்காமல், மூடிய பெட்டியாக விற்கும் முறை வந்தது. இளைஞர் இதைக் கிரேட் என்பர். உள்ளே என்ன இருக்கிறது என்பது காசு கொடுத்துத் திறந்தபின்புதான் தெரியும். ஜப்பானில், இவ்வாறு பெற்ற சில பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தால் அரும்பொருள் ஒன்று கிடைக்கும் என்று ஆசை காட்டிய முறையை 2012 மே மாதத்தில் நுகர்வோர் நலத்துறை சட்டவிரோதம் என அறிவித்தது. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' வெளிவரும் தறுவாயில், புகழ்பெற்ற வீரர்களைத் திறக்க நெடுநேரம் உழைக்க வேண்டும், அல்லது பெட்டிகளை நம்பி முன்னேற வேண்டும் என்ற நிலை கண்டு ஆடுவோர் வெகுண்டனர். நெடுநேரம் உழைத்துப் பெறுவதிலே பெருமித உணர்வு உண்டு என நிறுவனம் விளக்கம் எழுதிற்று. அவ்விளக்கத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. வெளியீட்டுக்கு முந்தைய நாளே, ஆட்டத்துள் காசு வாங்கும் வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், இத்தகைய சில பெட்டிகள் சூதாட்டமே என முடிவு செய்தது.

கொரியாவில் 2021 இல் ஆடுவோர் சரக்குந்துகளை வாடகைக்கு அமர்த்தி, மின்பலகையில் தம் கண்டன வாசகங்களை ஓடவிட்டு, நிறுவன அலுவலகங்களின் முன் நிறுத்தினர். பெட்டியில் எப்பொருள் எத்தனை முறைக்கு ஒரு தரம் வரும் என்பதை மறைக்காமல் கூறுக என்பதே அவர்தம் கோரிக்கை. 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிக நேர்மை ஆணையம், 'மேப்பிள் ஸ்டோரி'யில் வாய்ப்பு விகிதங்களை ஆடுவோர்க்குப் பாதகமாக மாற்றி, அதை அறிவிக்காமல் விட்டதற்காக அதன் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1,160 கோடி வான் தண்டம் விதித்தது. அவ்வாண்டு மார்ச் முதல் விகிதங்களை வெளியிடுவது அங்கே சட்டக் கடமையாயிற்று.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் பொருட்பாலில் வைத்தார். சூது பொருளாதாரத்தைத் தின்னும் நோய் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்வைப்புமுறையே சான்று. மூடிய பெட்டியைப் பற்றி இளைஞர் கூறும் குறையும் இம்மரபின் வழிவந்ததே.

விலையை மறைப்பது பற்றியும் ஒரு குறை உண்டு. பல ஆட்டங்களில் ரூபாய் கொடுத்து நேரே சட்டை வாங்க இயலாது. முதலில் ஆட்டத்துக்கே உரிய நாணயம் வாங்க வேண்டும். அது கட்டுக்கட்டாகத்தான் கிடைக்கும். சட்டையின் விலையோ கட்டின் அளவோடு ஒத்துவராது. மிச்சம் நிற்கும் நாணயம் மறுபடியும் வாங்கத் தூண்டும். எத்தனை ரூபாய் சென்றது என்பது சிறுவனுக்கும் தெரியாது, அவன் தந்தைக்கும் தெரியாது. 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், ஒரு பொத்தான் தவறி அழுந்தினாலே காசு போகும்படி அமைத்திருந்ததற்காக 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தின் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்தது. இத்தனைக்கும் அது வலிமையை விற்காமல் அலங்காரம் விற்றுச் செழித்த ஆட்டம். விற்கும் பொருள் குற்றமற்றதாக இருந்தால் மட்டும் போதாது, விற்கும் முறையும் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இனிப் பெரியவரின் சொல்லுக்கு வருவோம். கையில் பிடிக்க முடியாத சட்டை யாருக்கு உடைமை? 2020 செப்டம்பர் 2 ஆம் நாள் இந்திய அரசு 'பப்ஜி மொபைல்' ஆட்டத்தைத் தடை செய்தது. அக்டோபர் 30 இல் அதன் சேவை இங்கே முற்றும் நின்றது. காசு கொடுத்துச் சேர்த்த சட்டைகளும் துப்பாக்கி வண்ணங்களும் ஒரே நாளில் கண்ணுக்கு மறைந்தன. 2021 ஜூலை 2 ஆம் நாள் புதுப் பெயரில் ஆட்டம் திரும்பியபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அளித்தனர். அது நிறுவனம் அளித்த சலுகை; ஆடுபவன் உரிமையாகக் கேட்டுப் பெற்றதன்று. 2025 அக்டோபரில் 'கவுண்டர் ஸ்டிரைக் 2' ஆட்டத்தின் நிறுவனம் ஒரே ஒரு விதியைத் திருத்தியது. அரிய கத்திகளைப் பெற எளிய வழி பிறந்ததால், அவற்றைப் பெருவிலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களின் சேமிப்பு ஓரிரு நாளில் கடுமையாகச் சரிந்தது.

கோலார் தங்கவயல் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1880 இல் ஜான் டெய்லர் குழுமம் கால் வைத்த அவ்வயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி, ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள். எடுத்தவர் குடியிருந்த வரிசை வீடுகள் சுரங்க நிறுவனத்தினுடையவை. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, நெடுங்காலம் தம் ஊர் என எண்ணியிருந்த இடத்தில் தமக்குரியது எவ்வளவு என்னும் கேள்வி அவர்கள் முன் நின்றது. விளையாட்டுச் சட்டையை இழப்பதும் வேலையை இழப்பதும் ஒன்றல்ல, ஒப்பிடுவதும் தகாது. எனினும், பிறர் திறவுகோல் வைத்திருக்கும் வீட்டில் நாம் சேர்த்து வைக்கும் பொருள் எத்தகையது என்னும் பாடம் இரண்டிலும் ஒன்றே.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குபடுத்தல் சட்டத்தை இயற்றியது. அம்மாதம் 22 இல் குடியரசுத் தலைவர் இசைவு அளித்தார். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்குச் சட்டச் சொற்களை எடைபோடுவது அன்றாட வேலை. இச்சட்டத்தின் உயிர்ச்சொல் 'பணயம்' என்பது. பணத்தையோ பணத்துக்கு ஈடானதையோ பணயமாக வைத்து, ஆதாயம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடும் ஆட்டங்களை அது தடுக்கிறது. வெறும் அலங்காரம் வாங்கும் சிறுவன் பணம் வெல்லும் நோக்கில் வாங்குவதில்லை. அவனுடைய கொள்முதல் இத்தடையின் மையப்பொருள் அன்று. ஆதலால் அங்கே காவல் நிற்க வேண்டியவர் பெற்றோரும் ஆடுவோருமே.

அன்பர்களே, அயல் மாநிலத்தில் வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் நாம், பிள்ளையின் கைபேசியைக் கண்டதும் சினம் கொள்வது இயல்பு. ஆனால் மேலே கண்ட வரலாற்றில் நியாயத்துக்காகக் குரல் எழுப்பியவர் பெரும்பாலும் ஆடுவோரே. அழகுக்கு விலை இருக்கட்டும், வலிமைக்கு வேண்டாம், விலையை மறைக்காதே, பெட்டிக்குள் இருப்பதைச் சொல் என்று அவர்கள் கேட்டனர். பிள்ளையிடம் முதலில் வினவ வேண்டியவையும் இவையே. அது அழகுக்கா, வலிமைக்கா? விலை ரூபாயில் எவ்வளவு? ஆட்டம் நாளை மூடப்பட்டால் உன்னிடம் எது எஞ்சும்?

வண்டி பெங்களூரை நெருங்கியபோது அந்த மூன்றாம் கேள்வியைப் பையனிடம் கேட்டோம். அவன் சற்று யோசித்து, "ஆடிய ஆட்டம் எஞ்சும் ஐயா" என்றான். பெரியவர் அதை மறுக்கவில்லை. "அப்படியென்றால் சட்டைக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்" என்றார். பையன் சரி என்று சொல்லிக் கைபேசியைப் பையில் வைத்தான்.